கேட்டலுக்குப் பத்துக்குப் பத்து

இன்று காலை ரப்பர் தேடி உமது மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். ஓம வாசனை குப்பென்று அடித்தது. அந்த மேசையில் இப்போது விலங்கியல் டீச்சர் உட்காருகிறார்கள். பூட்டு கெட்டுப்போனது என்று கீழ் இழுப்பறையை அவர்கள் தொடுவதே இல்லை. இடது பக்கம் ஒரு தட்டுத் தட்டி இழுத்தால் வரும் என்பது உமக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உள்ளே ஒரு சின்ன டப்பா, மூடி கழன்று கிடந்தது. மத்தியானம் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஐந்தாம் பீரியட் முழுக்க ஓமத்தை மென்றுகொண்டு, "வயிறு கல்லு மாதிரி கெடக்குவே" என்று என்னிடம் புலம்புவீரே, அந்த ஓமம். நீர் போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. ஓமத்துக்கு இன்னும் காரம் குறையவில்லை.

ரப்பர் எதற்கு என்று கேட்பீர். பிளஸ் டூ ஆங்கிலத்துக்கான கேட்டல், வாசித்தல் மதிப்பெண் பட்டியல் வந்திருக்கிறது. வழக்கம்போல ஆபீஸிலேயே முதல் பெயருக்கு நேராகப் பென்சிலால் பத்து என்று எழுதி, அங்கிருந்து கடைசிப் பெயர் வரை ஒரு கோடு இழுத்து அனுப்பியிருக்கிறார்கள். நாம் செய்ய வேண்டியது, அந்தக் கோட்டின் மேல் பேனாவை ஓட்டுவது மட்டும்தான். நாலு மணிக்குள் வேண்டுமாம்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிறதா, பார்க்காத பத்தி ஒன்றைக் கண்ணால் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று சோதித்துப் பார்த்து மார்க் போடு என்றுதான் உத்தரவு சொல்கிறது. உத்தரவில் பிழையே இல்லை. எழுதியவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும். பத்தியை உரக்க வாசி, ஐந்து கேள்வி கேள், பதிலைத் திருத்து, அவ்வளவுதான். ஒரு வகுப்புக்கு இரண்டு பீரியட் வேலை. அந்த இரண்டு பீரியடை நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டோம். வாசித்தலுக்காவது முந்தின நாளே பத்தியையும் பதிலையும் சேர்த்து நகல் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவோம். கேட்டலுக்கு அந்த நடிப்பும் கிடையாது. பேனாதான் பேசும், பேனாதான் கேட்கும்.

அதிலும் அந்தத் திருஷ்டி மார்க் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. எல்லோருக்கும் பத்து என்று போட்டால் மேலே சந்தேகப்படுவார்கள் என்று, குழந்தை கன்னத்தில் மை வைக்கிற மாதிரி, அங்கங்கே ஒன்றிரண்டு பேருக்கு ஒன்பது, எட்டு என்று குறைத்துப் போடுவோம். யாருக்குக் குறைப்போம்? வந்து ஏன் சார் என்று கேட்காத பிள்ளைக்கு. அப்பன் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிற பிள்ளைக்கு. மேலநீலிதநல்லூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்து, மணி அடித்ததும் ஓடிவிடுகிற பிள்ளைக்கு. இதற்குத் திருஷ்டி மார்க் என்று பெயர் வைத்தவன் நான்தான். ஆசிரியர் அறையே சிரித்தது. நீர் மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளையளுக்குத் திருஷ்டியே நாமதான்வே" என்றீர். நான் அதற்கும் சேர்த்துச் சிரித்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, இதே மாசி மாதம், பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு உம்மிடம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் பதினொன்றில் அந்தப் பிள்ளைகளை வைத்திருந்தவன் நான். பட்டியல் வந்த அன்று நீர் பென்சில் கோட்டைப் பார்த்தீர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர், ரப்பரை எடுத்து அழித்தீர். "நான் டெஸ்ட் வைக்கப் போறேன்" என்றீர். உமக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த டெஸ்டை நீர் வைத்த விதத்தை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஸ்பீக்கர் பெட்டி வேண்டாம் என்றீர், பாதியில் கரண்ட் போய்விடும் என்று. இணையத்தில் கிடைக்கிற வெள்ளைக்காரன் குரலும் வேண்டாம் என்றீர். பத்தியை நீரே எழுதினீர். திருவேங்கடம் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண்ணின் கதை. அவள் பையில் என்ன இருந்தது, யார் அவளுக்கு இடம் கொடுத்தார், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு. எளிய ஆங்கிலம், ஐந்து கேள்வி. வாசிக்கிறபோது நீர் முன்னால் நிற்கவில்லை. வகுப்பின் பின்சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு, பிள்ளைகளின் முதுகைப் பார்த்து வாசித்தீர். ஏன் இந்தக் கோமாளித்தனம் என்று கேட்டதற்கு, "மூஞ்சியப் பாத்தா பாதி புரிஞ்சிரும். காது மட்டும் என்ன செய்யுதுன்னு பாக்கணும்லா" என்றீர். முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "சார், ஒம்பதரைக்குத் திருவேங்கடத்துக்கு பஸ்ஸே கெடையாது சார்" என்றான். நீர் பரவசப்பட்டுப் போனீர். வராந்தாவில் ஓடிவந்து என் தோளை உலுக்கி, "கேட்டிருக்காம்வே! முழுசாக் கேட்டிருக்கான்! சண்டைக்கே வாரான்!" என்று குதித்தீர். ஐம்பத்து மூன்று வயதுக்காரர் குதிக்கிற குதியா அது.

மறுநாள் காலைப் பாசஞ்சரில் கடையநல்லூரிலிருந்து வந்து இறங்கியதும் நேரே என்னிடம் வந்தீர். கையில் இரண்டு தாள். இரண்டும் கோமதியினுடையது. நம் ஊரில் ஒரு வகுப்புக்கு நாலைந்து கோமதி இருப்பார்கள், அம்மன் பெயர். இவள் மா. கோமதி, இரண்டாம் பெஞ்சு, நடுவில். வாசித்தல் தாளில் ஐந்துக்கு ஐந்தும் சரி. வகுப்பிலேயே அவள் ஒருத்திக்குத்தான் முழு மார்க். கேட்டல் தாளில் ஐந்துக்கு ஒன்றுகூடச் சரியில்லை. ஆனால் வெறும் தாள் இல்லை. பிழையில்லாத ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில், ஐந்து பதிலையும் எழுதியிருந்தாள். ஒரு பெண், ஒரு சந்தை, காணாமல் போன ஓர் ஆடு. நீர் வாசித்த கதைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தாளில் இருந்த கேள்விகளை வைத்துக்கொண்டு அவளே ஒரு கதையைக் கட்டியிருந்தாள்.

"இந்தப் பிள்ளைக்குப் போன வருசம் கேட்டல்ல எவ்வளவு போட்டீரு?"

"பத்து."

"டெஸ்ட் வச்சீரா?"

"என்னவே புதுசா கேக்கீரு? எல்லாருக்கும் போட்ட மாதிரிதான் போட்டேன்."

நீர் பேனாவைத் திறந்தீர். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே சைபர் என்று மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீஸில் கொடுத்துவிட்டீர். அரை மணி நேரத்தில் தலைமையாசிரியர் நம் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் போன வருஷத்துப் பட்டியலும் இந்த வருஷத்துப் பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. "ஸ்கூல் ஃபர்ஸ்ட் வரும்னு நெனச்சுக்கிட்டிருக்கிற பிள்ளைக்கு சைபரா? போன வருஷம் பத்து, இந்த வருஷம் சைபர்னா மேலே என்னைத்தான கேப்பாங்க? எது சார் உண்மை?" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க போட்டது சரிதானே?"

"சரிதான் சார்" என்றேன்.

அந்த இரண்டு சொல்லைத்தான் நான் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை. பதினேழு பி என்கிற குற்றச்சாட்டு மெமோ என் கண் முன்னால் வந்து நின்றது. ஓய்வு பெற எட்டு வருஷம் இருக்கிற எந்த வாத்தியாருக்கும் அது எமன். நீர் என்னைத் திரும்பிப் பார்த்தீர். திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்குச் சாயங்காலமே சைபர் பத்தாகிவிட்டது. திருத்திய இடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீர் எழுந்து போய்விட்டீர். உமக்குப் பதிலாக ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. யார் போட்டிருப்பார் என்று நினைக்கிறீர்? உமக்குத்தான் தெரியுமே.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆளில்லாத வகுப்பில், கோமதியை உட்கார வைத்தீர். என்னையும் வந்து வாசலில் நிற்கச் சொன்னீர். பின்சுவரில் நின்று ஒரு பத்தி வாசித்தீர். அவள் திரும்பித் திரும்பி உம்மைப் பார்க்க முயன்றாள். "திரும்பாதம்மா" என்றீர். அதுவே அவளுக்குக் கேட்கவில்லை. ஐந்தும் தப்பு. பிறகு அவளுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்து இன்னொரு பத்தி வாசித்தீர். ஐந்தும் சரி. பிறகு ஒரு நோட்டை எடுத்து உமது வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அதே இடத்தில், அதே குரலில், மூன்றாவதை வாசித்தீர். அவள் பேனாவை எடுக்கவே இல்லை. நோட்டின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"சார், யாருட்டயும் சொல்லிராதீங்க சார். எங்கம்மாவுக்கே தெரியாது சார்."

அம்மாவுக்கே தெரியாதா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு முதலில் வருவது அடுத்தவர் மேல் கோபம்தான். உம்மோடு நானும் அவள் வீட்டுக்கு வந்தேன். அந்தத் தெருவில் கால் வைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். தடதடவென்று தெருவே அதிர்கிறது. அவள் அம்மா தறியைவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். அவள் பேசியதில் பாதி எங்களுக்குக் கேட்கவில்லை. பக்கத்துத் தறியில் இருந்த பெண்ணுக்கோ ஒரு சொல் தவறாமல் புரிந்தது. அங்கே யாரும் காதால் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்துப் பேசுகிறார்கள், கையைப் பார்த்துப் பேசுகிறார்கள், வீட்டுக்குள் போனாலும் அதே பழக்கத்தில் முகத்துக்கு நேரே நின்று கத்திப் பேசுகிறார்கள். கோமதி பிறந்தது அங்கேதான், வளர்ந்தது அங்கேதான்.

"எங்க தெருவுல எவளுக்கு சார் காது கேக்கு?" என்றாள் அந்த அம்மா. "தறி ஓடுதப்போ எல்லாரும் செவிடுதான். எம்பிள்ள கூப்பிட்டாத் திரும்பலன்னா தறிச் சத்தம்னு நெனச்சேன். பள்ளிக்கூடத்துல நீங்கள்லாம் இருக்கீகல்லா, அங்க சத்தம் கெடையாதுல்லா. அங்க கேக்கலன்னா நீங்க சொல்லியிருப்பீகன்னு இருந்துட்டேன்."

சொல்லியிருப்போம் என்று நம்பியிருக்கிறாள். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? உள்ளே போய்ப் பழைய ரேங்க் கார்டையெல்லாம் எடுத்து வந்து காட்டினாள். பதினொன்றாம் வகுப்புக் கார்டில் என் கையெழுத்து. 'வகுப்பில் சொல்வதை மிகக் கவனமாகக் கேட்கிறாள்.' ஒரு வருஷம் முழுக்க அந்தப் பிள்ளை என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுகிறபோதெல்லாம் அவளுக்குப் பாடம் நின்றுபோயிருக்கிறது. நானோ, மற்றதுகள் ஜன்னலைப் பார்க்கும்போது இவள் ஒருத்திதான் நம்மை மதித்துப் பார்க்கிறாள் என்று பூரித்துப்போய் அதை எழுதியிருக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எத்தனை வாத்தியார், எத்தனை டீச்சர்! ஒருவராவது ஒரு நாளாவது அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருந்தால் போதும். பரீட்சை என்று கூட வேண்டாம்.

திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரியில் சோதித்தார்கள். இரண்டு காதிலும் குறை, கருவி வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே கருவி கொடுக்கும். மனுவோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும், அவ்வளவுதான். தலைமையாசிரியர் கடிதம் தர முடியாது என்றார். "ரெண்டு வருஷமும் கேட்டல்ல பத்துக்குப் பத்துன்னு நம்ம பட்டியல் போயிருக்கு. இப்போ காது கேக்காதுன்னு நானே எழுதிக் கொடுத்தா என்னைத் தூக்கி உள்ள வச்சிருவான்" என்றார். டாக்டர் மெஷின் வைத்து எடுத்த அளவு ஒரு பக்கம், என் பேனா எழுதிய பத்து ஒரு பக்கம். பேனாதான் வென்றது! கேட்கிறவன் காறித் துப்ப வேண்டாமா?

பரீட்சை முடிந்தது. அவள் ஸ்கூல் ஃபர்ஸ்டும் வந்தாள், எல்லோரும் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். உம்மைப் பிளஸ் டூவிலிருந்து எடுத்து ஒன்பதாம் வகுப்புக்குப் போட்டார்கள். அவள் கல்லூரிக்குப் போனாள், மனு மட்டும் நகரவில்லை. பள்ளியில் இருந்தபோது பதிந்த மனு, பள்ளிக் கடிதம் இல்லாமல் செல்லாது என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்கள். நீர் சனிக்கிழமைதோறும் ஒரு மஞ்சள் பையோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தீர். நாமே ஒரு கருவி வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று ஒருநாள் சொன்னேன். அப்படி ஒரு கோபத்தை உம்மிடம் நான் பார்த்ததில்லை. "எதுக்குவே நாம வாங்கிக் குடுக்கணும்? வாத்தியார் வாங்கிக் குடுத்தா அந்தத் தெருவுல அந்தப் பிள்ளைய என்ன பேசுவான்? இது அவளுக்குள்ள உரிமை. உம்ம தர்மம் ஒண்ணும் வேண்டாம். அரைப் பக்கம் எழுதித் தாரும், போதும்."

அரைப் பக்கம். அதை நீர் என்னிடம் எத்தனை முறை கேட்டீர்! 'நான் போட்ட பத்து, சோதிக்காமல் போட்டது' என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், தலைமையாசிரியர் கடிதம் இல்லாமலே மனுவை ஏற்பேன் என்று அந்த அலுவலகத்தில் ஓர் அம்மா சொல்லியிருந்தார். நீர் ஆசிரியர் அறையில் கேட்டீர், ஸ்டேஷனில் உம்மை வழியனுப்ப வந்தபோது கேட்டீர், ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் என்னைத் தேடிப்பிடித்து நின்றும் கேட்டீர். நான் என்ன சொன்னேன்? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், இப்போது மெமோ வந்தால் அசிங்கம் என்றேன். அடுத்த மாதம் என்றேன். இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் என்றேன். கடைசியாக ஒரு தரம், "நீரு நல்ல பேரு வாங்கதுக்கு என் சோத்துல மண்ணள்ளிப் போடாதியும்" என்றேன். நீர் தலையை ஆட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டீர். மறுவாரம் ஒன்றுமே நடக்காததுபோல வந்து, "பேனா கொண்டாந்தீராவே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்.

புரட்டாசியில் ஒரு காலை. பாசஞ்சருக்குப் புறப்பட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீராம். போன் வந்தபோது நான் பிரேயரில் நின்றுகொண்டிருந்தேன். கடையநல்லூர் வந்து உம்மை அடக்கம் செய்கிற வரைக்கும் நான் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. உம் வீட்டம்மா உமது மஞ்சள் பையை என்னிடம் கொடுத்து, "நீங்கதான் அவுகளுக்குக் கூட்டாளி. இதுல ஏதோ பிள்ளைக்குள்ள காயிதம் கெடக்குன்னு சொல்லுவாக" என்றார்கள். பஸ்ஸில் திரும்புகிறபோது திறந்து பார்த்தேன். அவள் மனுவின் நகல்கள், திருப்பி அனுப்பிய கடிதங்கள். கூடவே ஒரு வெள்ளைத்தாள். மேலே பெறுநர் முகவரியை உமது கையால் எழுதி, கீழே என் பெயரையும் எழுதி, நடுவில் அரைப் பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தீர்.

அன்று வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கூடக் கழற்றாமல் அதை எழுதினேன். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. மறுநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உமது நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த வாரம் கோமதிக்குக் கருவி வந்துவிட்டது. எனக்கு மெமோ வந்ததா என்று கேட்பீர். வந்தது. விளக்கம் எழுதினேன், ஒரு கண்டிப்போடு முடிந்துவிட்டது. மகள் கல்யாணமும் நடந்தது, மாப்பிள்ளை வீட்டில் எவரும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. இதற்காகவா ஒன்றரை வருஷம் உம்மை அலையவிட்டேன்? இந்த ஒன்றுமில்லாததற்காகவா?

அன்றைக்கு நீர் அழித்த பென்சில் கோட்டை இன்றைக்கு நானும் அழித்துவிட்டேன். போன வருஷம் என்னிடம் பிளஸ் டூ இல்லை. இந்த வருஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். போன வாரமே பின்சுவரில் நின்று வாசித்து டெஸ்ட் வைத்துவிட்டேன். காது நன்றாகக் கேட்கிற பிள்ளைகள்தான் அத்தனை பேரும், விசாரித்துக்கொண்டேன். பாதிப் பேர் பத்துக்கு இரண்டையும் மூன்றையும் தாண்டவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு முழு ஆங்கில வாக்கியத்தை அவர்கள் காதில் போடாமல் அனுப்பியிருக்கிறோம். அந்த இரண்டும் மூன்றும் எங்களுக்கு விழுந்த மார்க். அதை அப்படியே மையால் எழுதி, நாலு மணிக்குக் கொண்டுபோய் வைத்தேன். தலைமையாசிரியர் ஒரு நிமிஷம் பார்த்தார். "மறுபடியுமா? அந்த ஆளு போயும் விடலியே" என்றார்.

"விடமாட்டாரு சார்" என்றேன். பட்டியலை அவர் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. மேசையிலேயே கிடக்கிறது. இந்தத் தடவை மாற்றுவதென்றால் என் கையெழுத்து இல்லாமல்தான் மாற்ற வேண்டும். நாளை என்ன செய்வார்களோ தெரியாது. எந்த வகுப்புக்குத் தூக்கிப் போட்டாலும் சரி, அங்கும் பின்சுவர் இருக்கும்.

வெளியே வந்தால் ஆபீஸ் வாசலில் கோமதி நின்றுகொண்டிருந்தாள். ஏதோ பரீட்சைக்கு விண்ணப்பிக்க ஒரு சான்றிதழ் வேண்டுமாம். இரண்டு காதுக்கும் பின்னால் கருவி, கூந்தலை இறுக்கிப் பின்னி அது வெளியே தெரியும்படியே விட்டிருந்தாள். கல்லூரிக்குப் போன பிறகு அவளை நான் நேரில் பார்க்கவே இல்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை. நான் பின்னாலிருந்து, மெதுவாக, "கோமதி" என்றேன். திரும்பினாள். கூப்பிட்டு அவள் அப்படித் திரும்பி நான் பார்த்ததே இல்லை.

"சார்! உங்க குரல் இப்படியா சார் இருக்கும்? நான் கட்டையா இருக்கும்னு நெனச்சேன்" என்று சிரித்தாள்.

எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பதினொண்ணுல உனக்குப் பத்து போட்டது நான்தான்மா. கேட்டுப் பாக்காமப் போட்டேன்."

"தெரியும் சார்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு எனக்கு சந்தோஷமா இருந்துச்சு சார். இந்த வருசமும் யாரும் கண்டுபிடிக்கலன்னு. பன்னெண்டுல அந்த சார் கண்டுபிடிச்சதும் செத்துரலாம்னு இருந்துச்சு." பிறகு நிமிர்ந்தாள். "கருவி மாட்டுனதும் எல்லார் குரலையும் ஒண்ணொண்ணாக் கேட்டுப் பாத்தேன் சார். எங்கம்மாவோடது, தம்பியோடது, இப்போ உங்களோடது. அந்த சார் குரல்தான்... எப்படி சார் இருக்கும்?"

கரகரவென்று இருக்கும், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்கிற அவசரம் அதில் எப்போதும் இருக்கும் என்றேன். வேறென்ன சொல்வது? குரலை வாயால் எப்படிச் சொல்வது? அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்த வராந்தாவிலேயே நின்றேன்.

அவளுக்காக மூன்று முறை வாசித்தவர் நீர், அலைந்தவர் நீர், செத்தும் போனவர் நீர். நான் அந்த அரைப் பக்கத்தை நீர் கேட்ட முதல் நாளே எழுதியிருந்தால், ஒரு வருஷத்துக்கு மேல் அவள் உமது குரலைக் கேட்டிருப்பாள். கடைசியில் அவள் கேட்டது என் குரலைத்தான். இதை நினைத்தால்தான்வே எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது.